லீ குடும்ப வரலாறு: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க வரலாற்றுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் 'லீ' என்ற பெயரைச் சந்திக்காமல் போகவே முடியாது. 1776இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஒரு லீ. விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் கூடப்பிறந்த அண்ணன் தம்பி ஒரே ஒரு இணைதான், அவர்களும் லீக்கள். ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிரியமான குதிரைப்படை அதிகாரி ஒரு லீ. எண்பத்தைந்து வருடம் கழித்து வந்த உள்நாட்டுப் போரில், அந்த நாட்டிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்காகப் படை நடத்தியவரும் ஒரு லீ.

விர்ஜீனியாவுக்கு வந்த புதிதில் நானும் எல்லோரையும் போல ராபர்ட் ஈ. லீயில்தான் தொடங்கினேன். போர், போர்க்களம், தளபதி என்று படித்துக்கொண்டே போனால் அந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. பிறகு வேறு பக்கமாக வந்தேன். புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆட்களைப் பின்தொடராதீர்கள், வீடுகளைப் பின்தொடருங்கள். எந்த வீட்டை யார் கட்டினார், யார் இழந்தார், யார் உழைப்பில் அது நின்றது என்று கேட்டுக்கொண்டே போனால் இருநூற்றைம்பது வருடக் கதை தானாக வரிசையில் வந்து நிற்கும்.

முதல் படி: உறவுமுறையைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுங்கள். மேலே ரிச்சர்ட் லீ என்று எழுதுங்கள். 1640ஐ ஒட்டி இங்கிலாந்திலிருந்து விர்ஜீனியாவுக்குக் கப்பலேறி வந்தவர். புகையிலை வியாபாரம், காலனி அரசில் பெரிய பதவிகள், ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம். புதிதாக ஆட்களைக் கப்பலில் கூட்டிவந்தால் தலைக்கு ஐம்பது ஏக்கர் என்று நிலம் கொடுத்த காலம் அது. 1664இல் அவர் இறந்தபோது விர்ஜீனியாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர்.

அவருக்குக் கீழே மகன் இரண்டாம் ரிச்சர்ட். அவருக்குக் கீழே இரண்டு பெயர்கள் போதும்: தாமஸ், ஹென்றி. இவர்கள் அண்ணன் தம்பி. தாமஸின் கிளை ஸ்ட்ராட்ஃபோர்ட் வீட்டுக் கிளை. ஹென்றியின் கிளை பின்னால் லீசில்வேனியா என்ற பண்ணைக்குப் போன கிளை. மேரிலாந்தில் இன்னொரு கிளை உண்டு, அதிலிருந்து தாமஸ் சிம் லீ என்று ஒரு மாநில ஆளுநர் வந்தார். அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்கள் எல்லா உறவையும் 'கஸின்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடும். நாமோ முறை சொல்லாமல் யாரையும் நினைக்க மாட்டோம். விடுதலைத் தீர்மானம் கொண்டுவந்த ரிச்சர்ட் ஹென்றி லீ தாமஸின் மகன். குதிரைப்படை வீரர் 'லைட் ஹார்ஸ் ஹாரி' ஹென்றியின் பேரன். அப்படியானால் ரிச்சர்ட் ஹென்றி ஹாரிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. ராபர்ட் ஈ. லீ ஹாரியின் மகன்; ரிச்சர்ட் ஹென்றி அவருக்குச் சின்னத் தாத்தா முறை. ராபர்ட்டை விடுதலைத் தீர்மானம் தந்தவரின் நேர் பேரன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, பங்காளி வீடு.

இதே தாளில் இன்னொன்றும் தெரியும். ஹாரியின் முதல் மனைவி மெட்டில்டா, தாமஸின் மூத்த மகனுடைய மகள். நம் முறைப்படி தங்கை. அவர்கள் ஊரில் அது தடையில்லை. தூரத்துப் பங்காளிகளுக்குள் கட்டிக்கொள்வது விர்ஜீனியாவின் பெரிய குடும்பங்களில் வழக்கமாகவே இருந்தது. நிலமும் அடிமைகளும் வெளியே போகாமல் இருக்க அது ஒரு வழி. ஹாரி ஸ்ட்ராட்ஃபோர்ட் வீட்டுக்குள் வந்ததே அந்தத் திருமணத்தால்தான்.

இரண்டாம் படி: லீ அல்லாத லீக்களை நீக்குங்கள்

விடுதலைப் போரில் சார்லஸ் லீ என்று ஒரு ஜெனரல் வருவார். 1778இல் மன்மத் போர்க்களத்தில் பின்வாங்கி, வாஷிங்டனின் கோபத்துக்கு ஆளானவர். இவர் இங்கிலாந்தில் பிறந்தவர், இந்தக் குடும்பம் இல்லை. ஆனால் வாஷிங்டன், ஜான் ஆடம்ஸ் இருவருடைய ஆட்சியிலும் அட்டர்னி ஜெனரலாக இருந்த சார்லஸ் லீ இந்தக் குடும்பம்தான், ஹாரியின் கூடப்பிறந்த தம்பி.

இன்றைய செய்திகளிலும் இந்தக் குழப்பம் வரும். விர்ஜீனியாவில் ராபர்ட் ஈ. லீயின் பெயரில் இருந்த ராணுவத் தளத்துக்கு 2023இல் இரண்டு கறுப்பின அதிகாரிகளின் பெயர் சூட்டப்பட்டது. 2025இல் மறுபடி 'ஃபோர்ட் லீ' ஆக்கினார்கள். இந்த முறை அந்தப் பெயர் 1898 கியூபப் போரில் வீரப்பதக்கம் பெற்ற ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பினச் சிப்பாயைக் குறிக்கும் என்று அறிவித்தார்கள். அதே போர்க்காலத்தில் ஃபிட்ஸ்ஹியூ லீ என்று ஒரு ஜெனரலும் உண்டு. அவர் ராபர்ட்டின் அண்ணன் மகன். பெயரைப் பார்த்ததும் அப்பா பெயரைத் தேடும் பழக்கம் இதற்காகத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: ஸ்ட்ராட்ஃபோர்ட்

பொட்டோமாக் ஆற்றங்கரை மேட்டில், வெஸ்ட்மோர்லாண்ட் வட்டாரத்தில், 1730களின் பிற்பகுதியில் தாமஸ் லீ கட்டிய செங்கல் வீடு இது. கூரையின் இரு பக்கமும் நான்கு நான்காக எழுந்து நிற்கும் புகைபோக்கிகள்தான் அடையாளம். தாமஸ் நிலத்தில் கண் உள்ளவர். 1744இல் பழங்குடி நாடுகளோடு நடந்த லான்காஸ்டர் ஒப்பந்தத்தில் விர்ஜீனியாவின் சார்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர். அடுத்த சில ஆண்டுகளில் மேற்கே ஒஹாயோ பள்ளத்தாக்கு நிலத்துக்காக ஒரு கம்பெனி தொடங்கியவர்களில் முதன்மையானவர்.

அவருடைய பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பாருங்கள். வீடு மூத்தவர் பிலிப்புக்குப் போனது. மற்றவர்கள் தங்கள் வழியைத் தாங்களே பார்க்க வேண்டியிருந்தது. ரிச்சர்ட் ஹென்றி அண்ணனிடமே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டார். அவரோடு விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் தம்பி பிரான்சிஸ் லைட்ஃபுட். வில்லியமும் ஆர்தரும் லண்டன் போனார்கள். வில்லியம் 1775இல் லண்டன் மாநகராட்சியில் ஆல்டர்மேனாகவே, அதாவது மூத்த மன்ற உறுப்பினராகவே, தேர்வானார். எடின்பரோவில் மருத்துவம் படித்த ஆர்தர், பெஞ்சமின் ஃபிராங்க்ளினோடு பிரான்ஸுக்குத் தூது போனார். ஃபிராங்க்ளின், மூன்றாவது தூதரான சைலஸ் டீன் இருவரோடும் ஓயாத சண்டை. அரசியலுக்கு இவ்வளவு பேரை இந்த ஒரு வீடு தந்ததற்குச் சொத்துப் பங்கீடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ரிச்சர்ட் ஹென்றியிடம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1768இல் அன்ன வேட்டையின்போது துப்பாக்கி வெடித்து இடது கையில் நான்கு விரல்கள் போயின. அதற்குப் பிறகு அந்தக் கையைக் கறுப்புப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டுதான் மேடையில் பேசுவார். 1766இலேயே முத்திரைத்தாள் வரிக்கு எதிராக 115 பேரைக் கையெழுத்திட வைத்தவர். 1776 ஜூன் 7 அன்று, காலனிகளின் பொதுச்சபையான காங்கிரஸில், இந்தக் காலனிகள் சுதந்திர நாடுகள், அப்படி இருக்க அவற்றுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை முன்மொழிந்தார். ஜூலை 2இல் அது நிறைவேறியது. நாம் ஜூலை 4 என்று அறிவது, அந்தத் தீர்மானத்தை விளக்கி எழுதிய பிரகடனம் ஏற்கப்பட்ட நாள்.

இதே மனிதர் 1759இல் விர்ஜீனியா சபையில் அடிமைகளை இறக்குமதி செய்வதை எதிர்த்துப் பேசியவர். ஆனால் தன்னிடம் இருந்தவர்களைக் கடைசிவரை விடவில்லை. இந்த இரண்டையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இந்தக் குடும்பத்தைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும்.

சகோதரிகளை மறக்க வேண்டாம், முக்கியமாக மூத்தவர் ஹன்னாவை. விதவையான அவர் 1778இல் தன் சகோதரர் ரிச்சர்ட் ஹென்றிக்கே கடிதம் எழுதினார்: பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி கூடாது என்று சொல்கிறீர்களே, சொத்துக்கு வரி கட்டுகிற எனக்கு ஏன் ஓட்டு இல்லை? ஹன்னா அந்த வீட்டில் பிறந்த மிகத் தெளிவான மூளைகளில் ஒன்று.

நான்காம் படி: ஹாரியின் ஏற்றமும் வீழ்ச்சியும்

ஹாரி 1756இல் பிறந்தவர். 1779 ஆகஸ்ட் 19 விடியலுக்கு முன் பாலஸ் ஹுக் என்ற பிரிட்டிஷ் காவல் முகாமைத் திடீரெனத் தாக்கி, கைதிகளோடு திரும்பினார். காங்கிரஸ் தங்கப் பதக்கம் கொடுத்தது. தெற்கே ஜெனரல் நத்தானியேல் கிரீனுக்கு வலக்கையாக இருந்தார். 1791இல் விர்ஜீனியாவின் ஆளுநர். 1799இல் வாஷிங்டன் இறந்தபோது, போரிலும் அமைதியிலும் மக்கள் மனத்திலும் முதல்வர் என்று இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் அஞ்சலியைச் சொன்னவர் இவர்தான்.

போர்க்களத்தில் பலித்த துணிச்சல் நிலச் சூதாட்டத்தில் பலிக்கவில்லை. கடன் வாங்கி நிலம், நிலத்தைக் காட்டி மறுபடி கடன். 1809இல் கடன்காரர்கள் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே உட்கார்ந்துதான் தன் போர் நினைவுகளை எழுதினார். ஸ்ட்ராட்ஃபோர்ட் அவர் பெயரில் இல்லை, மெட்டில்டாவின் மகனுக்கு உரியது. ஆகவே 1810இல் இரண்டாம் மனைவி ஆன் கார்ட்டர் குழந்தைகளோடு அலெக்ஸாண்ட்ரியா ஊருக்குக் குடிபெயர்ந்தார். அந்தக் குழந்தைகளில் ஒருவன் மூன்று வயது ராபர்ட். 1812இல் பால்டிமோரில், பிரிட்டனோடு அப்போது தொடங்கிய போரை எதிர்த்த ஒரு பத்திரிகையாசிரியருக்குத் துணையாகப் போன ஹாரியைக் கும்பல் அடித்துக் குற்றுயிராக்கியது. மறு வருடம் உடம்பைத் தேற்ற மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். 1818இல் வீடு திரும்பும் வழியில், ஜார்ஜியா கடற்கரையில் ஒரு தீவில், பழைய தளபதி கிரீனின் மகள் வீட்டில் உயிர் போனது. ஆறு வயதில் அப்பாவை அனுப்பிவைத்த ராபர்ட் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை.

ராபர்ட் ஈ. லீயின் கட்டுப்பாடு, சிக்கனம், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நான்கு வருடமும் ஒரு கரும்புள்ளிகூட வாங்காத ஒழுங்கு, இவற்றையெல்லாம் படிக்கும்போது இந்தக் கடனாளி அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மெட்டில்டாவின் மகன் 1822இல் ஸ்ட்ராட்ஃபோர்டை விற்றார். முதல் வீடு கைவிட்டுப் போனது.

ஐந்தாம் படி: ஆர்லிங்டன். இங்கேதான் அதிக நேரம் செலவிடுங்கள்

1831இல் ராபர்ட், மேரி கஸ்டிஸைத் திருமணம் செய்தார். மேரியின் அப்பா ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ், மார்த்தா வாஷிங்டனின் பேரன். வாஷிங்டனின் வளர்ப்பில் வளர்ந்தவர். தலைநகருக்கு எதிரே ஆற்றின் அக்கரைக் குன்றில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் ஆர்லிங்டன் வீடு அவருடையது. வாஷிங்டனின் பொருள்களைக் காட்சிக்கு வைத்த நினைவில்லம் போல அதை வைத்திருந்தார். வீடு இழந்து வளர்ந்த பிள்ளை அந்த வீட்டு மருமகனானார்.

1857இல் மாமனார் இறந்தார். உயிலில் இரண்டு விஷயம். பேத்திகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் டாலர் தர வேண்டும். அடிமைகள் எல்லோரையும் ஐந்து வருடத்துக்குள் விடுதலை செய்ய வேண்டும். அவருடைய மூன்று பண்ணைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 200 பேர். சொத்தில் கடனும் இருந்தது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ராபர்ட்டுடையது. ராணுவத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, பண்ணையைத் தூக்கி நிறுத்த அந்த மக்களிடம் கடுமையாக வேலை வாங்கினார். பலரை வெளியே கூலிக்கு அனுப்பினார். கஸ்டிஸ் இறந்ததுமே தங்களுக்கு விடுதலை என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள்.

1859இல் வெஸ்லி நாரிஸ், அவருடைய சகோதரி, உறவினர் ஒருவர் என்று மூன்று பேர் தப்பி ஓடினார்கள். மேரிலாந்தில் பிடிபட்டார்கள். ஆண்களுக்கு ஐம்பது கசையடி, பெண்ணுக்கு இருபது என்று லீ உத்தரவிட்டார், அடித்த காயத்தில் உப்புநீர் ஊற்றச் சொன்னார் என்று நாரிஸ் 1866இல் தன் பெயரில் வாக்குமூலம் வெளியிட்டார். இதைப் படிக்காமல் போர்க்களத்துக்குப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1856இல் லீ மனைவிக்கு எழுதிய ஒரு கடிதமும் கூடவே படிக்க வேண்டியது. அடிமைமுறை ஒரு தீமை என்று அதில் எழுதுவார். அடுத்த வரிகளிலேயே, கறுப்பர்கள் ஆப்பிரிக்காவைவிட இங்கே மேலாக இருக்கிறார்கள், அவர்கள் படும் துன்பம் அவர்களுக்குத் தேவையான பயிற்சி, முடிவு கடவுள் கையில் என்பார். முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்து, லீ அடிமைமுறையை எதிர்த்தவர் என்று எழுதுபவர்கள் நிறைய.

செலினா கிரே, மரியா சைஃபாக்ஸ் என்ற இரண்டு பெயர்களையும் தாளில் சேருங்கள். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கி லீ குடும்பம் வெளியேறியபோது வீட்டுச் சாவி அடிமையாக இருந்த செலினாவின் கையில் இருந்தது. வாஷிங்டனின் பொருள்கள் திருடு போவதைப் பார்த்து, ராணுவ அதிகாரியிடம் முறையிட்டு மிச்சத்தைக் காப்பாற்றியவர் அவர். மரியா, கஸ்டிஸுக்கும் அவருடைய அடிமைப் பெண் ஒருவருக்கும் பிறந்தவர். அப்பா கொடுத்த 17 ஏக்கர் நிலத்தை அவருக்கு உறுதி செய்ய 1866இல் காங்கிரஸ் தனிச் சட்டமே போட்டது. ராபர்ட்டின் மனைவிக்கு அவர் அக்கா முறை.

ஆறாம் படி: 1861 ஏப்ரலின் சில நாள்களை நாள் நாளாகப் படியுங்கள்

ஏப்ரல் 17: விர்ஜீனியா பிரிவதாக முடிவெடுத்தது. ஏப்ரல் 18: வாஷிங்டனில் பிரான்சிஸ் பிளேர் என்ற முதிய அரசியல்வாதி, ஒன்றியத்தின், அதாவது பிரிந்துபோகாத மாநிலங்களின் அமெரிக்க அரசின், படைக்குத் தலைமை ஏற்கும்படி லீயிடம் கேட்டார். லீ மறுத்தார். ஏப்ரல் 20: முப்பது வருடத்துக்கும் மேல் இருந்த ராணுவத்திலிருந்து ராஜினாமா. ஏப்ரல் 23: விர்ஜீனியாவின் படைத்தலைமையை ஏற்றார். சொந்தக்காரர்கள், பிள்ளைகள், ஊர், இவர்களுக்கு எதிராகக் கை ஓங்க முடியவில்லை என்று அக்கா ஆனுக்கு எழுதினார்.

இதைப் படித்ததும், வேறு வழியில்லை, ஊர்ப்பாசம் என்று மனம் இளகும். அந்த இடத்தில் மற்றவர்களைப் பாருங்கள். கடிதம் பெற்ற அக்காவின் குடும்பம் ஒன்றியத்தின் பக்கம் நின்றது. அவர் மகன் ஒன்றியப் படையில் சேர்ந்தார். லீயின் தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் விர்ஜீனியாக்காரர், விலகவில்லை. ஜார்ஜ் தாமஸ் விர்ஜீனியாக்காரர், விலகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ரிச்சர்ட் ஹென்றியின் சொந்தப் பேரன் சாமுவேல் பிலிப்ஸ் லீ ஒன்றியக் கடற்படையிலேயே இருந்து, தெற்குத் துறைமுகங்களை முற்றுகையிட்ட கப்பல்களை நடத்தினார். ராபர்ட்டிடம் பதவியைக் கொண்டுவந்த பிளேரின் மருமகன்தான் இந்த சாமுவேல். அந்தப் பேச்சு நடந்த பிளேர் இல்லமும் அதை ஒட்டிய சாமுவேலின் வீடும் இன்று ஒன்றாகச் சேர்ந்து அரசு விருந்தினர் மாளிகையாக இருக்கின்றன. நம் பிரதமர்களும் வாஷிங்டன் போனபோது அங்கே தங்கியிருக்கிறார்கள்.

ஒரே குடும்பத்தில் இரண்டு வழியும் திறந்திருந்தது. ராபர்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அவரைக் காலத்தின் கைதி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஏழாம் படி: போர்

இதைச் சுருக்கமாகவே படிக்கலாம். 1862 ஜூனில் வடக்கு விர்ஜீனியப் படையின் தலைமை. 1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க், அதில் தோல்வி. 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸில் சரண். இந்த மூன்றும் மனத்தில் நின்றால் மற்றப் போர்களை இடையிடையே செருகிக்கொள்ளலாம். உயிலின்படி அடிமைகளை விடுவிக்கும் பத்திரத்தில் லீ கையெழுத்திட்டது 1862 டிசம்பர் 29, ஐந்து வருடக் கெடு முடிந்த பிறகு. மூன்று நாள் கழித்து லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்தது.

எட்டாம் படி: வீடு கல்லறையான கதை

ஆர்லிங்டன் நிலத்துக்கு விதித்த போர்க்கால வரி 92 டாலர் 7 சென்ட். மேரி ஓர் உறவினரிடம் பணம் கொடுத்தனுப்பினார். உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். 1864 ஜனவரியில் நிலம் ஏலத்துக்கு வந்தது. அரசே 26,800 டாலருக்கு எடுத்தது. அந்த மே மாதம் முதல் சிப்பாய் அங்கே புதைக்கப்பட்டார். அதே நிலத்தில் விடுதலையானவர்களுக்கு ஒரு குடியிருப்பும் இருந்தது.

மூத்த மகன் கஸ்டிஸ் லீ வழக்குப் போட்டார். 1882இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான கல்லறைகளைத் தோண்டி எடுக்க முடியுமா? 1883இல் 1,50,000 டாலர் வாங்கிக்கொண்டு நிலத்தை எழுதிக்கொடுத்தார். அரசின் சார்பில் அதைப் பெற்றுக்கொண்ட போர்த்துறைச் செயலர் ராபர்ட் டாட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன்.

குடும்பம் அரசியலை விடவில்லை. இரண்டாவது மகன் ரூனி லீ காங்கிரஸ் உறுப்பினரானார். மேலே சொன்ன ஃபிட்ஸ்ஹியூ லீ விர்ஜீனியாவின் ஆளுநராகி, பிறகு ஹவானாவில் அமெரிக்கத் துணைத்தூதரகத் தலைவராகி, 1898இல் தான் ஒருகாலத்தில் எதிர்த்துப் போரிட்ட அதே ராணுவத்தின் சீருடையில் மேஜர் ஜெனரல் ஆனார்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அது வெளிவந்த வருடத்தைப் பாருங்கள். 1870இல் லீ இறந்த பிறகு அவரைக் குற்றமற்ற மகானாகக் காட்டும் எழுத்து பல தலைமுறை நடந்தது. ரிச்மண்டில் 1890இல் நிறுவிய பெரிய சிலை அந்த அலையின் உச்சம். அது 2021 செப்டம்பரில் இறக்கப்பட்டது. பழைய நூல்களை ஒதுக்க வேண்டியதில்லை. பண்ணையில் இருந்தவர்களின் பெயர் அதில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

நேரில் போக முடிந்தால்

ஸ்ட்ராட்ஃபோர்டில் தொடங்குங்கள். வாஷிங்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அனுமதிக் கட்டணம் உண்டு. 1929இல் ஒரு பெண்கள் அமைப்பு அதை வாங்கிக் காப்பாற்றியது. ஆற்றங்கரைப் பாறைவரை நடந்துவிட்டு வாருங்கள். புகையிலை கப்பலேறிய இடம் அது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த இடமும் பக்கத்தில்தான். அலெக்ஸாண்ட்ரியாவில் ராபர்ட் வளர்ந்த வீடு தனியாருடையது, தெருவில் நின்று பார்க்கலாம். எதிரே லீ-ஃபெண்டால் வீடு அருங்காட்சியகமாகத் திறந்திருக்கும். லெக்ஸிங்டன் தூரம். லீ தன் கடைசி ஐந்து வருடம் கல்லூரித் தலைவராக இருந்த ஊர். அங்கே தேவாலயத்தின் கீழ் ராபர்ட்டும், 1913இல் கொண்டுவரப்பட்ட ஹாரியும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்.

ஆர்லிங்டனைக் கடைசியாக வையுங்கள். மெட்ரோ ரயில் கல்லறை வாசலுக்கே போகிறது, கட்டணம் இல்லை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும், குன்று ஏற வேண்டியிருக்கும் என்பதால் காலையிலேயே போங்கள். தூண்களுக்கு முன்னால் நின்று நகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் செலினா கிரேயின் குடும்பம் வாழ்ந்த அறைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்த பிறகு ஜேம்ஸ் பார்க்ஸின் கல்லறை எங்கே என்று விசாரியுங்கள். அந்தப் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர், இந்த மயானத்தின் முதல் குழிகளை வெட்டியவர். 1920களில் வீட்டைப் பழையபடி மீட்டெடுக்க நினைத்தபோது, கிணறு எங்கே இருந்தது, குடிசைகள் எங்கே இருந்தன என்று நினைவிலிருந்து சொன்னவரும் அவர்தான். 1929இல் இறந்த அவரைச் சிறப்பு அனுமதி வாங்கி, ராணுவ மரியாதையோடு அந்த மண்ணிலேயே புதைத்தார்கள்.